மேல் தட்டில் பதினொரு பெட்டிகள்

வந்தவரின் ஷூ நுனியைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, "எங்கயாவது கடிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்திருக்கிறார் ஷூக் கடை விற்பனையாளர் 'அளவுகோல்'. வாய் பொய் சொல்லும், கால் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. "நல்லாதான் இருக்கு, பரவால்ல" என்கிறார் மேலே இருப்பவர். கீழே, புதுத் தோலுக்கு அடியில் சுண்டுவிரல் ஒண்ட இடம் தேடி நெளிவது அளவுகோலுக்குத் தெரிகிறது.

"இங்க பரவால்லம்பீங்க. வீட்டுக்குப் போய் எங்க பரம்பரையவே இழுப்பீங்க. கழட்டுங்க சார்."

கழற்றுகிறார். அந்தக் கடையில் அளவுகோல் "கழட்டுங்க" என்று சொல்லிக் கழற்றாதவர்கள் கிடையாது.

இரும்பில் செய்த கால் அளக்கும் தட்டு ஒன்று கடையில் இருக்கிறது. நகரும் தகடு, இரண்டு பக்கமும் எண்கள். அவர் அதைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. வாசலில் ஆள் நுழையும்போதே எண்ணைச் சொல்லிவிடுவார். அதனால்தான் இந்தப் பட்டம். மனிதர்களையும் அவர் எண்களாகவே அறிவார். "அந்த ஒம்பதரை நேத்து வந்தாரே, பொண்ணுக்குக் கல்யாணமாம்." "நம்ம அகலமான ஆறு இருக்காங்களே, அந்த டீச்சர், ரிட்டையராயிட்டாங்களாம்." ஒருமுறை ஒருவன் புது ஷூவை மாட்டிக்கொண்டு அப்படியே ஓடிவிட்டான். விசாரிக்க வந்த போலீஸ்காரர், ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார். "ஏழு சார். இடது கால் உள்பக்கமாத் தேய்ப்பான்." மூஞ்சி? "மேல பாக்கலைங்களே."

ஐம்பத்தாறு வயது. ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது முழங்காலிட்டு எழுகிறார். குதிகால் வலி, காலாணி, விரல் கோணல் என்று யார் வந்தாலும் அவர்களுடைய பழைய ஷூவைத் திருப்பி, அடிப்பாகத்தைக் கைரேகை போலப் படிக்கிறார். "உங்களுக்கு வலது இடுப்பு வலிக்கணுமே?" என்பார். வலிக்கும். வலிக்காதவர்களுக்கும் அன்றிலிருந்து வலிக்க ஆரம்பிக்கும். கடைசியில் தீர்ப்பு ஒன்றுதான்: "கால்ல குத்தமே கிடையாதுங்க. எல்லாம் ஷூவோட குத்தம்." ஷூ விற்கிறவர் வேறு எதைச் சொல்வார் என்று கேட்கலாம். ஆனால் அவர் அதை மனமார நம்பினார். நம்பியதற்கு ஆதாரம் அவர் காலிலேயே இருந்தது.

அவர் போட்டிருந்த கறுப்பு ஷூவில் இடது எட்டு, வலது பத்து.

பதினொரு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கவும் முடியாது. ஷூக் கடைக் கண்ணாடி முழங்காலுக்கு மேல் காட்டாது. அதில் வாடிக்கையாளர் தன் காலைப் பார்ப்பாரா, விற்கிறவர் காலைப் பார்ப்பாரா?

கதை கிடங்கில் தொடங்கியது. உயரத் தட்டுகளுக்கு ஏறச் சக்கரம் வைத்த ஏணி ஒன்று உண்டு. ஒருநாள் அது உருண்டு வந்து அவருடைய வலது கால் கட்டைவிரலில் ஏறி நின்றது. நகம் கறுத்தது, ஒரு மாதத்தில் விழுந்தது. பிறகு முளைத்தது. ஆனால் போனது ஒன்று, வந்தது வேறு. மஞ்சளும் பழுப்புமாக, சிப்பி ஓடு மாதிரி அடுக்கடுக்காகத் தடித்து, முதலில் மேல்நோக்கிக் கிளம்பி, பிறகு ஏதோ யோசனை வந்தது போல வளைந்து, பக்கத்து விரலின்மேல் தலை சாய்த்தது. எட்டாம் நம்பர் ஷூ இடித்தது. குற்றம் ஷூவின்மேல்தான் என்று நம்புகிற மனிதர் என்ன செய்வார்? ஒன்பதுக்குப் போனார். பிறகு பத்துக்கு.

இங்கேதான் அவர், ஷூக் கடைக்காரர் ஒருவரால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு காரியத்தைச் செய்தார். எட்டாம் நம்பர் பெட்டியிலிருந்து இடது, பத்தாம் நம்பர் பெட்டியிலிருந்து வலது. ஜோடி சேர்ந்துவிட்டது, அவருக்கு. மீதி நின்றவை பத்தாம் நம்பர் இடதும் எட்டாம் நம்பர் வலதும். அவற்றையும் ஒரு பெட்டியில் ஜோடியாகப் படுக்கவைத்து, மெல்லிய தாள் போர்த்தி, மூடிமேல் பென்சிலால் 'வருவார்' என்று எழுதி மேல் தட்டில் வைத்தார். யார் வருவார்? "உலகம் எவ்வளவு பெருசு! எனக்கு நேர்மாறா, இடது கால் பெருசா ஒருத்தன் இருக்காமலா போயிடுவான்? அவன் பாவம், எந்த ஊர்ல எந்தக் கடையில முழிச்சிட்டு நிக்கிறானோ." வருஷத்துக்கு ஒரு ஜோடி தேயும். வருஷத்துக்கு ஒரு பெட்டி மேலே ஏறும். பதினொன்று சேர்ந்தது. அந்த மனிதர் வரவில்லை.

முதலாளியிடம் சொன்ன கணக்கே வேறு: "கம்பெனிக்காரன் பெட்டி மாத்திப் போட்டுட்டான் சார்." முதலாளி ஒவ்வொரு வருஷமும் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, "உங்க பேக்கிங்ல இருக்கறவனுக்கு ரெண்டு காலும் ஒரே காலா?" என்று வாங்கு வாங்கென்று வாங்குவார். அந்தக் கம்பெனிக்காரர் தன் தொழிலாளிகள்மேல் சத்தியம் செய்வார். ஒரு பாவமும் அறியாத ஜீவன்.

வீட்டில் மட்டும் இது ரகசியமில்லை. அவர் மனைவி தையல்காரம்மா. முன்னறையில் இயந்திரம், சுவரெல்லாம் அளவுச் சீட்டு. அந்த அம்மா அவருடைய நகத்துக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தார். "பெரியவர் நேத்து இன்னொரு போர்வையக் கிழிச்சிட்டாரு." "பெரியவரக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் படுக்கச் சொல்லுங்க, என் கெண்டைக்கால்ல கோடு போடறாரு." வலது காலுறையின் மூக்கில் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். பெரியவர் உட்கார.

வெட்டிப் பார்க்காமல் இல்லை. முதலில் துணி வெட்டும் பெரிய கத்தரி. பல் போனது கத்தரிக்குத்தான். "துணிக்கு வச்ச கத்தரிய எடுத்துக் கருங்கல்ல வெட்டுனா?" என்று தையல்காரம்மா இரண்டு நாள் பேசவில்லை. அடுத்து மச்சான். அவர் எலக்ட்ரீஷியன். கம்பி வெட்டும் குறட்டோடு வந்து, "கண்ண மூடிக்கங்க மாமா, ஒரே அமுக்கு," என்றார். ஒரே அமுக்குதான். நகம் அடிவரைக்கும் பிளந்து, ரத்தம் கொட்டி, மாமா மூன்று நாள் குதிகாலில் நடந்தார். அதற்குப் பிறகு இரும்பு எதுவும் பெரியவர் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சட்டம் ஆனது.

டாக்டரிடம் காட்டியிருக்கலாமே என்றால், டாக்டரை மாதாமாதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஒரு வேளை தவறியதில்லை. அந்த டாக்டரும் ஒவ்வொரு முறையும், "கால் எப்படி இருக்கு?" என்று கேட்பார். "அதுதான சார் நமக்குச் சோறு போடுது," என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார், காலுறையைக் கழற்றாமல். தையல்காரம்மா திட்டினால் மட்டும் ஒரு வார்த்தை சொல்வார்: "அடுத்தவன் காலை நாளெல்லாம் மடியில வச்சிருக்கறவன் நான். என் காலை எவன் மடியில கொண்டுபோய் வைக்கச் சொல்ற?"

ஒரு மத்தியானம் கடைக்கு ஓர் அம்மாள் வந்தார். கையில் சின்னப் பை, நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குரிய தட்டை ஷூ. அளவுகோல் எப்போதும்போல் முழங்காலிட்டு, "அகலமான ஏழு. நாளெல்லாம் உக்காந்து எந்திரிக்கிற வேலை. சரிங்களா?" என்றார்.

"சரிதான். நீங்க எத்தனை?"

யாரும் அவரை அதைக் கேட்டதில்லை. "எட்டுங்க."

"இடது எட்டு. வலது?"

அளவுகோல் கரண்டியைத் தேட ஆரம்பித்தார், குதிகாலை நுழைக்க உதவும் அந்தத் தகரக் கரண்டியை. அது அவர் கையிலேயே இருந்தது.

"வலது ஷூவுல மடிப்பு விரல் மடங்கற இடத்துல விழலையே. முன்னாடி பாதி மடங்கவே இல்ல. உள்ள எதையோ குடி வச்சிருக்கீங்க." அம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார். "கழட்டுங்க."

"இந்தக் கடையில கஸ்டமர்தாங்க கழட்டணும்."

"சுகர் இருக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் சுகர்னு ஒண்ணு கிடையாதுங்க. நான் கால் டாக்டர். பேங்க்குக்குப் பின்னாடி மாடி. நாளைக்கு வாங்க." ஏழாம் நம்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தான் முப்பது வருஷமாக ஊரார் ஷூவைப் படித்த மாதிரியே தன் ஷூவையும் ஒருத்தர் படித்துவிட்டுப் போனதை அளவுகோல் கல்லாவில் இருந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

நாளைக்குப் போகவில்லை. பத்தொன்பது நாள் போகவில்லை. இருபதாம் நாள் தையல்காரம்மா துவைக்கப் போட்ட காலுறையில் ஒரு கறையைப் பார்த்தார். கறை பெரியவரின் பையில் இல்லை. அதற்குப் பக்கத்தில், இரண்டாவது விரல் இருக்கும் இடத்தில். கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தால், வளைந்த நகத்தின் நுனி பக்கத்து விரலில் குழி பறித்திருந்தது. சுற்றிலும் சிவந்து, நடுவில் ஈரம்.

"எப்பலேருந்து?"

"தெரியலயே."

"வலிக்கலையா?"

"இல்லம்மா, சத்தியமா வலிக்கல."

"அதான் எனக்குப் பயமா இருக்கு." இயந்திரத்தில் பாதி கை தைத்த சட்டை ஒன்று ஊசியின் கீழேயே நின்றது. அவர் அப்படிப் பாதியில் எழுந்து யாரும் பார்த்ததில்லை. "என்னங்க, இப்ப நீங்க கிளம்பி வரீங்களா, இல்ல பெரியவர மட்டும் பையில போட்டு எடுத்துட்டுப் போகட்டுமா?"

பேங்க்குக்குப் பின்னால் மாடியில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி. அதில் அளவுகோலை உட்காரவைத்து உயர்த்தினார்கள். கால் டாக்டர் சின்ன முக்காலியை இழுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அளவுகோலுக்கு அதுதான் முதல் சங்கடம். "நீங்க கீழ உக்காந்து, நான் மேல... நல்லால்லீங்க டாக்டரம்மா."

"அது உங்க கடை. இது என் கடை. கழட்டுங்க."

ஷூ கழன்றது. காலுறையில்தான் நேரமானது. கணுக்கால்வரை உருட்டினார், நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே போகிற பேருந்தைப் பார்த்தார். பிறகு இழுத்தார். டாக்டர் முகம் சுளிக்கவில்லை, 'அடடா' சொல்லவில்லை. காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன அளவு நாடாவை எடுத்து நகத்தை வளைவோடு அளந்தார். நாலரை சென்டிமீட்டர்.

"நல்லா ஆளாக்கி விட்டிருக்கீங்க. இதுக்குப் பேரே ஆட்டுக்கொம்பு நகம்தான்."

"எங்க வீட்டம்மா படிக்காமலே சொன்னா டாக்டர், கொம்பு மொளச்சிருக்குன்னு."

நகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடலாம், ஆனால் காலைப் பார்க்காமல் நகத்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்த்தார். இரண்டு இடத்திலும் நன்றாக அடித்தது. பிறகு மீன்பிடி நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, "கண்ண மூடிக்கங்க. தொட்டா சொல்லுங்க," என்றார்.

"இப்ப... இப்ப... இப்ப... இப்ப."

"கடைசி ரெண்டு 'இப்ப'வுக்கு நான் தொடவே இல்லையே."

அளவுகோல் கண்ணைத் திறந்தார்.

"நீங்களும் 'பரவால்ல'ன்னு சொல்ற ரகக் கஸ்டமர்தான்," என்றார் டாக்டர். தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி, நேர்மையாக, பத்து இடங்களில் சோதித்தார்கள். மூன்று இடங்களில் இழை வளையும்வரை அழுத்தியும் தெரியவில்லை. அதில் இரண்டு, கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் அடியில்.

புண்ணைக் கழுவி, ஆழம் பார்த்து, எலும்பு எப்படி இருக்கிறது என்று பக்கத்து அறையில் படமும் எடுத்த பிறகுதான் டாக்டர் நிமிர்ந்து பேசினார். "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. புண்ணு எலும்புவரைக்கும் போகல. இன்னும் ரெண்டு மூணு வாரம் இப்படியே நடந்திருந்தீங்கன்னா, இன்னிக்கு நகத்தப் பத்திப் பேசிட்டிருக்க மாட்டோம். விரலப் பத்திப் பேசிட்டிருப்போம்."

வெட்டும் வேலை தொடங்கியது. நகத்தின்மேல் ஈரப் பஞ்சு வைத்து ஊறவைத்திருந்தார்கள். பக்கத்துத் தட்டில் கெட்டியான, கூர்மூக்குக் குறடு. அதைப் பார்த்ததும் மச்சானின் ஞாபகம் வந்து அளவுகோல் "ஐயோ!" என்று அலறினார். டாக்டர் அப்போது இரண்டடி தள்ளி நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒரே அமுக்கு இல்லை. நுனியிலிருந்து, அரிசி அரிசியாக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு துண்டும் எஃகுத் தட்டில் 'டிங்' என்று விழுந்தது. வலிக்கவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நாலைந்து 'டிங்'குக்கு முனகிப் பார்த்துவிட்டு, யாரும் கண்டுகொள்ளாததால் அளவுகோல் நிறுத்திக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் முகமூடி கொடுத்து, சுழலும் சின்ன அரத்தால் மிச்சத்தைத் தேய்த்தார் டாக்டர். வெள்ளைத் தூள் பறந்தது. முக்கால் மணி நேரம். முடிவில் கட்டைவிரலில் இருந்தது அழகான நகம் ஒன்றுமில்லை. தடித்த, மங்கிய, ஆனால் தன் எல்லைக்குள் அடங்கி உட்கார்ந்த ஒரு நகம்.

"திரும்ப வளருமா?"

"வளரும். வேர் அப்படி ஆயிடுச்சு. எட்டு வாரத்துக்கு ஒருக்கா இங்க வந்து குறைச்சுக்கணும். வேண்டாம்னா, மரத்துப்போக ஊசி போட்டு நகத்த முழுசா எடுத்து, மறுபடி முளைக்காம வேர்ல மருந்து வச்சிடலாம். ஆனா அதுக்குப் புண்ணும் ஆறணும், சுகரும் இறங்கணும். ஆறு மாசம் கழிச்சுப் பேசுவோம்." பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு துண்டுகளைச் சின்னக் குப்பியில் போட்டு அனுப்பினார். பெரிய நுனித் துண்டைத் தையல்காரம்மா கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். எதற்கு என்றால், "என் கத்தரிகிட்ட காட்டணும்."

கிளம்பும்போது அளவுகோல் முப்பது வருஷத்துத் தத்துவத்தைத் தயக்கத்தோடு முன்வைத்தார். "இது ஷூவோட குத்தமா டாக்டரம்மா, காலோட குத்தமா?"

"ஏணியோட குத்தம். மிச்சம் பதினொரு வருஷம் உங்க குத்தம்." டாக்டர் கட்டுப் போட்டு முடித்திருந்தார். "இன்னொண்ணு. எட்டாம் நம்பர் இனிமே போதும், மூக்கு அகலமா இருந்தா சரி. ஆனா கடிக்குதா கடிக்குதான்னு காலைக் கேக்காதீங்க. உங்க கால் இனிமே பரவால்லன்னுதான் சொல்லும். அதை நம்பக் கூடாது. தினமும் கழட்டிக் கண்ணால பாருங்க, விரல் சந்துவரைக்கும்."

மாடிப்படி இறங்கும்போது அளவுகோல், "கால் பொய் சொல்லுமாம்டி," என்றார், யாரோ நெருங்கின சொந்தக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டவர் மாதிரி.

நாலு வாரம் கட்டும் அகலச் செருப்புமாகக் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எண்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பூஞ்சை இல்லை என்று சோதனை முடிவு வந்தது. புண் மூடியது. ஷூ போடலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, கடை திறந்து இன்னும் ஒருவரும் வராத நேரம், கிடங்கிலிருந்து சக்கர ஏணி உருளும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தார். மேல் தட்டிலிருந்து பதினோராவது பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்லா அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, பெட்டிமேல எழுதின அந்த 'வருவார்' வந்துட்டாரா?"

அளவுகோல் பெட்டிக்குள்ளிருந்த எட்டாம் நம்பர் வலதை எடுத்தார். இடது காலில் ஏற்கெனவே தேய்ந்த எட்டு இருந்தது. அதே மாடல், கூடப் பிறந்தது. புதுசை மாட்டி நாடாவைக் கட்டினார். ஒன்று மங்கல், ஒன்று பளபளப்பு, இரண்டும் ஒரே நீளம்.

சாவிக் கொத்தோடு உள்ளே வந்த முதலாளி பெட்டியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கழற்றி வைத்திருந்த பழைய பத்தைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். கணக்கு மெதுவாகத்தான் விழுந்தது.

"அடப்பாவி மனுஷா! பதினொரு வருஷமா அந்தக் கம்பெனிக்காரன நான் திட்டாத திட்டில்லையே!"

"தப்புதான் சார். நானே போன் போட்டுச் சொல்லிடறேன்."

"வேணாம், வேணாம். இந்த வருஷத்துக்கு ஏற்கெனவே திட்டியாச்சு," என்று தலையில் அடித்துக்கொண்டு முதலாளி உள்ளே போனார்.

அளவுகோல் குனிந்து, பழக்கதோஷத்தில், தன் ஷூ நுனியைத் தானே கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே இடம் இருந்தது. கேட்பதற்கு வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். நாடாவை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றினார், பை வைத்துத் தைக்காத புதுக் காலுறையைக் கழற்றினார். வாசல் திறந்து கிடக்க, தெருவில் போகிறவர்கள் பார்க்க, வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு விரல்களுக்கு நடுவே வெளிச்சம் படும்படி விரித்துப் பிடித்தார்.